பை மிதக்கட்டும்

நம் குடியிருப்பில் வளர்ந்த எல்லோருக்கும் ஒரு நோய் உண்டு. உங்களுக்கும் இருக்கும், மறைக்க வேண்டாம். எந்தக் காரியத்துக்கும் ஒரு செய்முறை இருக்கிறது, அதை வரிசை மாறாமல் செய்தால் யாருக்கும் எதுவும் ஆகாது என்று நம்புகிற நோய். நம் அப்பாக்கள் அதை அணு ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து பேருந்தில் ஏற்றி, மாலைதோறும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கேஸ் அடுப்பைப் பற்றவைப்பது எப்படி என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியவர் என் அப்பா மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும்.

நான் அந்த நோயைப் பிழைப்பாகவே ஆக்கிக்கொண்டேன். ஒரு மருந்துத் தொழிற்சாலையில் செய்முறைக் கையேடுகள் எழுதினேன். கை கழுவுவதற்கு மட்டும் இரண்டு பக்கம். ஐம்பதைத் தொடுவதற்கு முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இப்போது பால் காய்ச்சும் என் கணவரைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே முதலில் செய்முறை. வெப்பமண்டல மீன்களைப் புதிய தொட்டியில் விடுவதற்கு முன் தொட்டியின் விளக்கை அணைக்க வேண்டும். மீன் இருக்கும் பாலிதீன் பையை, வாயைக் கட்டிய ரப்பர் பாண்டை அவிழ்க்காமல், அப்படியே தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். பைக்குள் இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் விட வேண்டும். கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். மீனுக்குத் தன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. சுற்றியிருக்கும் தண்ணீரின் சூடுதான் அதன் உடம்பின் சூடும். திடீரென்று மாற்றினால் தாங்காது.

அவ்வளவுதான். நாங்கள் இரண்டாவது படியைத் தாண்டவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடத்து மழை உங்களுக்கு நினைவிருக்கலாம். கடலுக்கும் நம் வீடுகளுக்கும் நடுவில் இருந்த சவுக்குத் தோப்பு நாள் முழுக்க இரைந்துகொண்டிருந்தது. துவைத்த துணியெல்லாம் உலராமல் மக்கிய வாடை அடித்தது. அம்மாவுக்கு ஏழாம் மாதம். எனக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் நடுவில் ஏன் இத்தனை வருட இடைவெளி என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இடையில் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியது மட்டும் நினைவிருந்தது. அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது.

கருங்குழியிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்து வீட்டுக்குச் சட்டம் போட்டாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் கெட்ட வார்த்தை காதில் விழக் கூடாது. கெட்ட வார்த்தை என்றால் நீங்கள் நினைப்பது அல்ல. டார்ச்சில் பேட்டரி செத்துப்போச்சு என்று நான் ஒருநாள் சொல்லிவிட்டேன். அத்தை ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"இன்னாடி வார்த்த அது? புள்ளத்தாச்சி கீற வூட்ல! தீந்துபூட்ச்சுன்னு சொல்லு."

அதன்பிறகு எங்கள் வீட்டில் எதுவும் சாகவில்லை. கொசுவை அடித்தால் அது 'போயிடுச்சு'. துளசி பட்டுப்போனால் 'வாடியிருக்கு'. அத்தை ஊருக்குத் திரும்பிப் போனபிறகும் சட்டம் அமலில் இருந்தது.

மீன் தொட்டி அப்பாவின் ஏற்பாடு. டாக்டர் அம்மாவை எழுந்திருக்காமல் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார். படுத்திருப்பவள் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டும். கலர் டி.வி. வாங்கியிருக்கலாம். அப்பா நூலகத்துக்குப் போய் மீன் வளர்ப்பு பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை எழுதியவர் பனி பெய்யும் ஊர்க்காரர். தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர் இல்லாமல் மீனைத் தொடாதே என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பா ஹீட்டர் வாங்கினார். மே மாதம் குழாயைத் திறந்தால் ரசம் வைக்கும் பதத்தில் தண்ணீர் வருகிற ஊரில், மீனுக்கு ஹீட்டர். அதைப் பார்ப்பதற்கென்றே எதிர்வீட்டு ஆன்ட்டி வந்தாள். திருநெல்வேலிக்காரி.

"குழம்பு வைக்கதுக்கு முன்னாலயே மீனக் கொதிக்க வைக்கியளா சார்?"

அப்பா சிரிக்கவில்லை. "இருபத்தெட்டு டிகிரி," என்றார்.

அந்த இருபத்தெட்டைக் காட்டுவதற்கு ஒரு தெர்மாமீட்டர், ரப்பர் கப்பால் கண்ணாடியின் உட்புறம் ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நீளம்தான். மெல்லிய சிவப்புக் கோடு, நடுவில் ஒரு பச்சைப் பட்டை. கோடு பச்சைக்குள் நின்றால் எல்லாம் நலம். அப்புறம் வாழ்க்கையில் எத்தனையோ கருவிகளைப் பார்த்துவிட்டேன். அவ்வளவு தெளிவாக நலம் சொன்ன கருவி வேறொன்று இல்லை.

ஒரு சனிக்கிழமை அப்பா கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போய் நான்கு ஏஞ்சல் மீன்களோடு வந்தார். வரும் வழியெல்லாம் மழை. பேருந்தின் ஜன்னல் தார்ப்பாய் கிழிந்திருந்ததாம். மடியில் வைத்திருந்த பை நனைந்து, தொட்டால் சில்லென்றிருந்தது. நான் பையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். உள்ளே தட்டையாக, வெள்ளி நிறத்தில் கறுப்புப் பட்டை போட்ட நான்கு மீன்கள். வயிற்றிலிருந்து நூல்போல் நீண்டு தொங்கும் துடுப்புகள். அவை ஒன்றையொன்று இடிக்காமல் திரும்பிக்கொண்டிருந்தன.

அப்பா தொட்டி விளக்கை அணைத்தார். பையை இறக்கினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை அதன் முன்னால் உட்காரவைத்தார்.

"பை மிதக்கட்டும். நான் சொல்ற வரைக்கும் யாரும் அவுக்கக் கூடாது."

அப்போது படுக்கையறையிலிருந்து அம்மா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்கு முன்பு அவள் அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது அது அம்மாவின் குரல்போலவே இல்லை.

அப்பா ஓடினார். எதிர்வீட்டு ஆன்ட்டி ஓடிவந்தாள். அவள் வீட்டில்தான் டெலிபோன் இருந்தது. வண்டி வந்தது. நான் எழுந்து அம்மாவிடம் போகவில்லை. என்னை உட்காரச் சொல்லியிருந்தார்கள். அப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்தபோது, அவள் புடவையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது. வாசலில் அப்பா ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார்.

"பை," என்றார்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் ஆன்ட்டி உள்ளே வந்தாள். தரையைத் துடைத்தாள். பிறகுதான் தொட்டியைப் பார்த்தாள்.

"அய்யோ, பாவம்லா. மூச்சு முட்டுது பாரு அதுகளுக்கு."

"ஆன்ட்டி, அப்பா அவுக்கக் கூடாதுன்னார்."

"உங்கப்பா எப்ப வரப்போறாரோ. அதுவரைக்கும் பைக்குள்ள கிடந்து சாவ..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கஷ்டப்படணுமா?"

கத்தரிக்கோலை எடுத்துவந்து, ரப்பர் பாண்டுக்குக் கீழே ஒரே வெட்டு. மழைத் தண்ணீர்போல் குளிர்ந்த அந்தத் தண்ணீரோடு நான்கு மீன்களும் இருபத்தெட்டு டிகிரிக்குள் விழுந்தன. ஒரே நேரத்தில் கண்ணாடியில் போய் முட்டின. பிறகு மூலைக்குப் போய், துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு சாய்ந்து நின்றன. வாய் மட்டும் வேகவேகமாகத் திறந்து மூடியது.

"என்ன பண்ணுது ஆன்ட்டி?"

"தூங்குது பிள்ள. பஸ்ஸுல வந்த அலுப்புல்லா."

அன்று அவள் வீட்டில்தான் படுத்தேன். காலையில் இருவருமாக வந்து பார்த்தபோது மூன்று மீன்கள் அடியில் கூழாங்கற்களின் மேல் கிடந்தன. ஒன்று ஹீட்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி எங்கள் வீட்டு டீ வடிகட்டியால் நான்கையும் எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினாள்.

"தூங்குது," என்றாள் மறுபடியும், என் முகத்தைப் பார்க்காமல்.

தூங்குகிறதை ஏன் பேப்பரில் சுற்றுகிறீர்கள் என்று கேட்கத் தெரிந்த வயதுதான். கேட்கவில்லை. ஆன்ட்டி பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு என் தாடையைப் பிடித்தாள்.

"இத ஒருத்தர்ட்டயும் சொல்லப்புடாது, கேட்டியா? அங்க அம்மா அப்படிக் கிடக்கையில வீட்டுல இப்படி ஆச்சுன்னா அது அபசகுனம். அப்பா கேட்டா ஒனக்குத் தெரியாதுன்னு சொல்லு."

அந்த நேரத்தில் அவள் வீட்டு டெலிபோன் அடித்தது. ஓடிப்போனாள். நான் அவள் வாசற்படியில் நின்றேன். உள்ளே அவள் "ஆங்... ஆங்..." என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்த முகத்தோடு வந்தாள். அந்தச் சிரிப்பை முகத்தில் மாட்டிக்கொண்டு வந்தது தெரிந்தது.

"தம்பி பொறந்திருக்கான் பிள்ள!"

"எங்க இருக்கான்?"

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரில. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காவளாம்."

"என்ன பண்றான்?"

"தூங்குதான்."

நண்பர்களே, பிற்காலத்தில் நான் பல விபத்து அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். ஒரு வார்த்தையால் கைகால் சில்லிட்டது அன்று மட்டும்தான்.

பன்னிரண்டு வயதின் தர்க்கம் அசைக்க முடியாதது. நேரம் ஆவதற்குள் பையிலிருந்து எடுத்தார்கள், கண்ணாடிக்குள் போட்டார்கள், தூங்குகிறது என்றார்கள். நேரம் ஆவதற்குள் அம்மாவிடமிருந்து எடுத்தார்கள், கண்ணாடிக்குள் போட்டார்கள், தூங்குகிறான் என்கிறார்கள். என்னிடம் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டில் எதுவும் சாவதில்லை அல்லவா?

சின்னப் பிள்ளைகளை அந்த வார்டுக்குள் விடமாட்டார்கள் என்று என்னை அழைத்துப் போகவில்லை. அத்தை மறுபடியும் வந்து சமையலை ஏற்றுக்கொண்டாள். அவளிடம் கேட்டாலும் அதே பதில்தான். "கொயந்தைன்னா தூங்கும்டி, பின்ன டான்ஸா ஆடும்?" எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது கதவைத் தட்டினால், என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று புத்தகத்தை மூடிவிடுவேன். அத்தை என் தட்டைப் பார்த்துவிட்டு ஆன்ட்டியிடம் சொன்னாள்:

"இத்தினி வருசம் ஒத்தப் புள்ளையா இருந்துகினு, இப்ப பங்குக்கு ஒருத்தன் வந்துட்டான் இல்ல? அதான் மூஞ்சி சுருங்கிக்கீது. பொறாம."

ஆன்ட்டி தன் வீட்டுக்குக் கிளம்பினாள். என்னைப் பார்க்கவில்லை.

அப்பா குளிக்கவும் துணி மாற்றவும் மட்டும் வந்துபோனார். வரும்போதெல்லாம் தொட்டியின் முன்னால் கொஞ்சம் நிற்பார். வெறும் தண்ணீரை ஹீட்டர் இருபத்தெட்டு டிகிரியில் வைத்துக்கொண்டிருந்தது. அதன் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. எனக்குத் தெரியாது என்ற பதிலை வாய்க்குள் தயாராக வைத்துக்கொண்டு நான் சுவரோரம் நிற்பேன். மீன் எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. அவருக்குக் கோபம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அவர் வயதையும் தாண்டிவிட்டேன். கேட்டால் நான் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவேனோ என்று அவரும் பயந்திருக்கிறார்.

பிறகு ஒருநாள் அவர் தொட்டிக்குள் கையை விட்டுத் தெர்மாமீட்டரைப் பிடுங்கினார். கைக்குட்டையால் துடைத்து, பேனாவுக்குப் பக்கத்தில் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"எங்கப்பா எடுத்துட்டுப் போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. தம்பி வந்தா ரூம்ல சூடு பாக்கணும் இல்ல? அங்க இருக்கறதோட ஒப்பிட்டுப் பாத்துட்டு வரேன்."

தூங்குகிற மீன்களுக்கு யாரும் சூடு பார்க்கவில்லை. அப்படியென்றால் தம்பி இருக்கிறான்! அன்று அத்தை போட்ட சோற்றையெல்லாம் சாப்பிட்டேன். மோர் ஊற்றிக்கொள்ளும்போதுதான் அடுத்த பயம் வந்தது. இருக்கிறான் என்றால், இன்னும் அவனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பையை வெட்டுகிற வேலை இனிமேல்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அந்தத் தெர்மாமீட்டரைப் பார்த்த நர்ஸ், "சார், இது மீன் தொட்டி இல்ல சார்," என்றாளாம். "தெரியும்மா, டிகிரி டிகிரிதானே," என்றாராம் அப்பா. இது பிற்பாடு அம்மா சொல்லிச் சிரித்தது.

தம்பி வருகிற நாளுக்கு அப்பா படுக்கையறையைத் தயார் செய்தார். ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைத் திணித்தார். தொட்டிலுக்கு மேலே இரண்டு பெரிய குண்டு பல்புகளைத் தொங்கவிட்டார். தெர்மாமீட்டரைத் தொட்டில் கயிற்றில் கட்டினார். பிறகு அம்மாவை அழைத்துவரக் கிளம்பினார். வெளியே தூறலும் கடல்காற்றும். உள்ளே பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. நான் போய்ப் பார்த்தேன். சிவப்புக் கோடு பச்சைப் பட்டையைத் தாண்டிப் போயிருந்தது. மறுபடி பார்த்தேன். இன்னும் ஏறியிருந்தது. அறைக்குள் மூச்சுவிடவே புழுங்கியது.

"அத்தை, உள்ள ரொம்ப சூடா இருக்கு."

"சூடா இருந்தா நல்லதுடி. எலிக்குட்டியாட்டம் கீதாம் புள்ள."

வாடகை அம்பாசிடர் வந்து நின்றது. அம்மா இறங்கினாள். கையில் குழந்தை இல்லை. பிறகுதான் பார்த்தேன். ஒரு வெள்ளைத் துணியால் அவனை மாரோடு சேர்த்துக் கட்டி, மேலே முந்தானையையும் அப்பாவின் சால்வையையும் போர்த்தியிருந்தாள். கழுத்தருகில் ஒரு கம்பளித் தொப்பியின் நுனி மட்டும் தெரிந்தது.

முன்வராந்தாவில் அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றாள். பக்கத்தில் எதிர்வீட்டு ஆன்ட்டி.

"யக்கா, சீக்கிரம் சுத்துங்க," என்றார் டிரைவர், பெட்டியை இறக்கியபடி. "பெரிய மழ வர்துக்குள்ள நா போவணும்."

"இர்யா. ஏம்மா, புள்ளைய வெளிய எடு. மொகம் தெரியாம யாருக்கு சுத்தறது?"

"வேணாம் அண்ணி," என்றாள் அம்மா. "வீடு போற வரைக்கும் அவுக்காதீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க."

"வூட்டாண்டதான் வந்துட்டியே!"

அத்தை தட்டை ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் தோளில் இருந்த முடிச்சில் கை வைத்தாள். அந்தக் கையில் கத்தரிக்கோல் இல்லை. எனக்கு இருந்ததுபோல்தான் தெரிந்தது. நான் கதவு நிலையின் இரண்டு பக்கமும் கைகளை ஊன்றி வழியை மறித்தேன்.

"அவுக்காதீங்க! உள்ள வராதீங்க!"

"பாத்தியா? நா சொல்லல? உள்ளயே வுடமாட்டேங்கறா. தள்ளுடி அந்தாண்ட!"

"மீன் செத்துப்போச்சு," என்றேன்.

ஆரத்தித் தட்டில் குங்குமத் தண்ணீர் தளும்பியது. அத்தை என்னை அறைந்தாள். நான் நிலையை விடவில்லை.

"நாலும் செத்துப்போச்சு. நேரம் ஆகறதுக்குள்ள ஆன்ட்டி பையை வெட்டிட்டாங்க. வெளிய சில்லுன்னு இருக்கு, உள்ள கொதிக்குது. தம்பியும் செத்துப்போயிடுவான்."

இன்னொரு அறை விழுந்தது. என் தம்பியின் கல்யாணத்தில்கூட அத்தை இந்தக் காட்சியை நடித்துக்காட்டினாள். பொறாமையில் தம்பியை வாசலிலேயே நிறுத்திய அக்கா என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பனி பெய்யும் ஊரில் வேலை பார்க்கிற தம்பி, இன்றைக்கும் போனில் 'வீட்டுக்குள்ள வரலாமா?' என்றுதான் பேச்சைத் தொடங்குவான்.

அன்று யாரும் சிரிக்கவில்லை. ஆன்ட்டி தட்டைப் பிடித்தபடியே அழத் தொடங்கினாள். "நல்லதுக்குத்தான சார் செஞ்சேன், மூச்சு முட்டுமேன்னு..."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தொட்டி இருந்த பக்கம் பார்த்தார். குனிந்து, என் கைக்குக் கீழே நுழைந்து உள்ளே போனார். காகிதத்தைப் பிய்க்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் கொக்கிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு பல்பு அணைந்தது. வெளியே வந்தபோது நெற்றியில் வேர்த்திருந்தது.

அம்மாவை வராந்தாவிலேயே காற்றுப் படாத மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். காற்று வரும் பக்கத்தை அடைத்துக்கொண்டு, நல்ல பேண்ட்டோடு ஈரத்தரையில் தானும் உட்கார்ந்தார்.

"இன்னா நைனா இது?" என்றாள் அத்தை.

"இருக்கட்டும்க்கா. நான் சொல்ற வரைக்கும் யாரும் அவுக்கக் கூடாது."

பெட்டியை வைத்துவிட்டுக் காசுக்காக நின்ற டிரைவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "இன்னா சார், வூடு உங்களுதுதான? சாவி கீவி தொலைஞ்சுபூட்ச்சா?"

அம்மாதான் முதலில் சிரித்தாள். சத்தமில்லாமல், குழந்தை அசையாமல். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வா. உள்ள கையை விட்டுத் தொட்டுப் பாரு."

நிலையிலிருந்து கைகளை எடுத்தேன். மழைச்சாரல் பட்டு ஐஸாகியிருந்தன. அந்தக் கையோடு தொடப் பயமாக இருந்தது. அம்மா முன்னால் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அன்று பையை வைத்துப் பார்த்த அதே கன்னம், இப்போது அத்தை அறைந்ததில் எரிந்துகொண்டிருந்தது. இன்னும் ஆகவில்லை. மறுபடியும் அக்குளுக்குள் வைத்தேன்.

கை சூடானதும் சால்வைக்குள் விட்டேன். அம்மாவின் உடம்பு எங்கே முடிகிறது, அவன் உடம்பு எங்கே தொடங்குகிறது என்று முதலில் தெரியவில்லை. இரண்டும் ஒரே சூடு. பிறகு ஒரு சின்ன முதுகு கிடைத்தது. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

"தூங்கறான்," என்றாள் அம்மா.

நான் கையை எடுக்கவில்லை. முதுகு ஏறியது. இறங்கியது. கொஞ்சம் நின்றது. மறுபடியும் ஏறியது.

ஆமாம். தூங்கத்தான் செய்தான்.